ரோட்டரி என்றால் ஒசத்தி, கை ஃபைல் என்றால் மட்டமா?

டெல்டா பக்கத்துச் சிறு நகரிலிருந்து 46 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இடது மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பல வருஷமாகச் சொத்தை. மூன்று மாதத்துக்கு முன்பு இரவெல்லாம் தூங்கவிடாத வலி. மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் வாங்கி ஐந்து நாள் போட்டதும் வலி நின்றுவிட்டது. போன மாதம் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் கடுகு அளவில் ஒரு கொப்புளம், அழுத்தினால் சீழ். எக்ஸ்-ரே எடுத்த முதல் டாக்டர், "வேர் நுனியில் நிழல் தெரிகிறது, ரூட் கெனால் செய்யணும். கை ஃபைலிலேயே செய்வேன், மூன்று சிட்டிங், 3,500 ரூபாய், கேப் தனி" என்றிருக்கிறார். இரண்டாவதாகப் போன இடத்தில், "ரோட்டரி மெஷின், லேசர், ஒரே சிட்டிங், கேப்போடு 14,000" என்றிருக்கிறார்கள். (ஃபைல் என்பது வேருக்குள் ஓடும் கெனால் என்ற நுண்ணிய பாதையைச் சுரண்டும் மெல்லிய கம்பி. கையால் சுழற்றினால் கை ஃபைல், மோட்டார் சுழற்றினால் ரோட்டரி. கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை.) நாத்தனாருக்கு மெஷினில் செய்தபோது ஃபைல் உடைந்து துண்டு பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டதாம். "மெஷின் நவீனம், கை பழசு என்று நினைத்தேன். இப்போது மெஷினைப் பார்த்தாலும் பயம். வலியே இல்லாத பல்லுக்கு இத்தனை தேவையா? பிடுங்கிவிட்டால் என்ன? எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள்" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் எக்ஸ்-ரேயை நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் பல்லைப் பற்றி முடிவாகச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துத் தைரியமாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. முதலில் அந்த வலி விஷயத்தைப் பேசிவிடலாம்.

வலி நின்றது குணமானதால் அல்ல

பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மெல்லிய கூழ் இருக்கிறது. சொத்தைக் கிருமி அதை எட்டியபோதுதான் உங்களுக்கு அந்தத் தூக்கமில்லாத இரவுகள். கூழ் செத்ததும் வலியைச் சொல்ல அங்கே நரம்பு இல்லை, வலி நின்றது. மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நினைத்தீர்கள். மாத்திரையின் மருந்து ரத்தம் வழியாகத்தான் போகும். ரத்த ஓட்டமே நின்றுபோன பல்லுக்குள் அது எப்படி நுழையும்? முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியாமல் போனால் ஆன்டிபயாட்டிக்குக்கு இடம் உண்டு. அப்போதும் அது துணை மருந்துதான். ஈறில் வந்த கொப்புளம் சீழ் வெளியேறும் வடிகால். வடிந்துகொண்டே இருப்பதால்தான் உங்களுக்கு வலி தெரியவில்லை. அதற்குத் தனி மருந்தோ ஆயின்மென்டோ வேண்டாம். பல்லின் உள்ளே சுத்தமானால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்.

1965-ல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டபோது கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. பிறந்ததிலிருந்தே கிருமி படாமல் வளர்த்த எலிகளுக்கு அதே துளையைப் போட்டார்கள். அந்தக் கூழ் சாகவில்லை, காயத்தின் மேல் புதிதாகப் பல்திசு பாலம் போல வளர்ந்து மூடியது. ஆக, நோய்க்குக் காரணம் கிருமி. இனி எந்த முறையை எடை போட்டாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கிருமியை எவ்வளவு தூரம் குறைக்கிறது?

ஃபைலின் வேலையும் திரவத்தின் வேலையும்

கெனால் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது குழாய் மாதிரி நேரான ஓட்டை. நானும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் ஒருமுறை பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றுக்குள் மை செலுத்தி, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, ஆல்கஹாலில் நீரை வாங்கி, கடைசியாக மெத்தில் சாலிசிலேட்டில் போட்டோம். தசைவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அறை முழுக்க. கொஞ்ச நேரத்தில் பல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மை ஓடியிருந்த இடங்களைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கெனாலுக்கு நடுவே காகிதம் போல மெல்லிய இணைப்பு, பக்கவாட்டில் நூல் நூலாகக் கிளைகள், நுனிக்கு அருகே வேப்பங்குச்சியை மென்றது போலப் பல பிரிகள். நூறு வருஷத்துக்கு முன்பே சூரிச்சில் வால்டர் ஹெஸ் என்பவர் பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி வார்ப்பெடுத்து இதைத்தான் காட்டினார்.

இப்படிப்பட்ட இடத்துக்குள் வட்டமாகச் சுற்றும் ஒரு கம்பியை விட்டால் அது எவ்வளவு சுவரைத் தொடும்? 2001-ல் மேல் கடைவாய்ப்பற்களை நுண் சி.டி. ஸ்கேனில் பார்த்து அளந்தார்கள். நான்கு விதமான நிக்கல்-டைட்டானியம் கருவி முறைகளை ஒப்பிட்டதில், எந்த முறையானாலும் கெனால் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. விலை கூடின ஃபைலும் மூன்றில் ஒரு பங்குச் சுவரை விட்டுவிடுகிறது.

கழுத்து குறுகிய எண்ணெய்ப் பாட்டிலை எப்படிக் கழுவுவீர்கள்? பிரஷ் போகிற இடத்துக்குப் போகும், மூலையில் ஒட்டிய பிசுக்கை சோப்புத் தண்ணீர்தான் எடுக்கும். பல்லுக்குள் அந்த சோப்புத் தண்ணீர் சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டில் பிளீச்சிங் திரவத்தில் இருக்கிற அதே பொருள்தான், 0.5 முதல் 5.25 சதவீதம் வரை பல அளவுகளில் பயன்படுத்துகிறோம். கிருமியைக் கொல்லும், செத்த திசுவைக் கரைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்கிற வேறு திரவம் நம்மிடம் இல்லை. 1980-களில் ஸ்வீடனில் உப்பு நீரை மட்டும் வைத்து ஃபைல் செய்து பார்த்தார்கள். கிருமி எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் பல பற்களில் கிருமி மிஞ்சி நின்றது. ஹைப்போகுளோரைட் சேர்த்தபோதுதான் நிலைமை மேம்பட்டது.

அப்படியானால் ஃபைல் எதற்கு என்று கேட்பீர்கள். திரவம் போக வழி வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் மெல்லிய கழுவும் ஊசியின் பருமனே சுமார் 0.3 மில்லிமீட்டர். கெனாலை அந்த அளவுக்காவது, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் புனல் போல வடிவமைத்தால்தான் ஊசி நுனிக்கு அருகே போகும், திரவம் திரும்பி மேலே வரும். ரொம்ப அகலப்படுத்தினாலும் ஆபத்து. வேர் மெலிந்து பின்னால் விரிசல் விடலாம், வளைவின் உள்பக்கச் சுவர் ஓட்டையாகவும் செய்யலாம். "நன்றாக ராவிவிடுங்கள் டாக்டர்" என்று சிலர் கேட்பார்கள். கூடுதலாக ராவுவதால் கூடுதல் சுத்தம் கிடைப்பதில்லை.

சரி, கையா மெஷினா?

கை ஃபைல்கள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நுனி 0.10 மில்லிமீட்டர் உள்ள ஊதாக் கைப்பிடி ஃபைலை விரலிடுக்கில் பிடித்து, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல முன்னும் பின்னும் லேசாகத் திருப்பி இறக்கும்போது, உள்ளே எங்கே வளைகிறது, எங்கே அடைப்பு என்று விரல் நுனிக்குத் தெரியும். மெஷினால் இந்த உணர்வைத் தர முடியாது. ரோட்டரியில் செய்பவர்களும் முதலில் இந்த ஊதா ஃபைலைத்தான் இறக்கிப் பாதை பார்க்கிறோம். இதைச் செய்யாமல் நேராக மெஷினை இறக்குபவரிடம்தான் நான் பயப்படுவேன்.

ஸ்டீலின் குறை அடுத்த அளவுகளில் தெரியும். பருமன் கூடக் கூட அது விறைப்பாகிவிடும். வளைந்த கெனாலில் நேராக நிமிரப் பார்க்கும். நுனியில் வளைவின் வெளிப்பக்கச் சுவரைக் குடைந்து படிக்கட்டு மாதிரி ஒரு தட்டு உண்டாக்கிவிடும். அப்புறம் எந்த ஃபைலும் அதைத் தாண்டாது. மேல் கடைவாய்ப்பல்லின் முன்புறக் கன்னப்பக்க வேர் பெரும்பாலும் வளைந்தது. தள்ளி இழுத்து ராவாமல் அழுத்தம் பார்த்துச் சுழற்றும் 'பேலன்ஸ்டு ஃபோர்ஸ்' என்ற முறையை 1985-ல் ரோன் என்பவர் விளக்கினார். பொறுமையுள்ள கை அந்த முறையில் வளைந்த கெனாலையும் அழகாகச் செய்யும். நேரம்தான் ஆகும்.

நிக்கல்-டைட்டானியம் வளைந்து கொடுக்கும் உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவானது, நைட்டினால் என்ற பெயரிலேயே அந்தக் கூடத்தின் முதலெழுத்துகள் இருக்கின்றன. பல்வரிசை சீராக்கும் கிளிப் சிகிச்சைக் கம்பியிலிருந்து 1988-ல் முதன்முதலாக ஃபைல் செய்து பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ரோட்டரி. கெனாலின் இயல்பான வளைவை இது நன்றாகக் காப்பாற்றுகிறது, வேலை சீக்கிரம் முடிகிறது, வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரம் குறைகிறது. பின்னால் வந்த இன்னொரு வகை முழுச்சுற்று சுற்றாமல் முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் அசையும். 2008-ல் யாரெட் என்பவர் ஒரே ஃபைலால் இப்படிச் செய்ததை எழுதிய பிறகு பரவியது. ஃபைல் உடையும் வாய்ப்பைக் குறைப்பது அந்த அசைவின் நோக்கம்.

எனக்கே வளைந்த கடைவாய்ப்பல் என்றால் ரோட்டரியைத்தான் கேட்பேன். ஆனால் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற விரிப்பைக் கட்டி, நீளத்தைச் சரியாக அளந்து, பொறுமையாகத் திரவம் விட்டுக் கை ஃபைலில் செய்கிற டாக்டர் ஒருவரும், இது எதுவும் இல்லாமல் பத்து நிமிஷத்தில் ரோட்டரியை ஓட்டி முடிக்கிற டாக்டர் ஒருவரும் எதிரே நின்றால், யோசிக்காமல் முதலாமவரின் நாற்காலியில் உட்காருவேன்.

லேசரைப் பற்றி ஒரு வார்த்தை. சில வகை லேசர்கள் கெனாலுக்குள் இருக்கும் திரவத்தை அதிரவைத்து மூலைகளுக்குத் தள்ள உதவும். அல்ட்ராசோனிக் கருவியும் இதே உதவியைச் செய்கிறது, செலவும் குறைவு. ஃபைலுக்கோ திரவத்துக்கோ லேசர் மாற்று இல்லை. அதற்கென்று தனித் தொகை கேட்டால், இந்தப் பல்லில் அது எதைச் செய்யப் போகிறது என்று கேளுங்கள்.

நான்காவது கெனால்

உங்கள் பல்லுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர் என்பதால் மூன்று கெனால் என்று ஒரு காலத்தில் செய்து முடித்துவிடுவார்கள். முன்புறக் கன்னப்பக்க வேரில் பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு கெனால் ஒளிந்திருக்கும். முடி அளவு வாய், அதன் மேல் ஒரு சின்னப் பல்திசு விளிம்பு மூடியிருக்கும். பல்லைத் திறந்து குழியில் ஹைப்போகுளோரைட்டை நிரப்பிவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், சில சமயம் ஒரு புள்ளியிலிருந்து மட்டும் சோடா பாட்டில் போலக் குமிழிகள் வரிசையாக எழும். அங்கே திசு கரைகிறது, அதுதான் அந்த வாய். உருப்பெருக்கிக் கண்ணாடியோ மைக்ராஸ்கோப்போ இருந்தால் தேடுவது எளிது. இதை விட்டுவிட்டால் மற்ற மூன்றையும் எந்த மெஷினில் தேய்த்தாலும், சில வருஷம் கழித்து அதே இடத்தில் கொப்புளம் திரும்பி வரலாம்.

நாத்தனாரின் பல்லில் நின்ற துண்டு

அவருக்கு நடந்தது வருத்தமான விஷயம்தான், ஆனால் பயந்துவிட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லுங்கள். ஃபைல் உடைவது கவனமாகச் செய்பவர் கையிலும் நடக்கலாம். ஸ்டீல் உடையுமுன் பெரும்பாலும் முறுக்கு கலைந்து காட்டிக்கொடுக்கும், நிக்கல்-டைட்டானியம் பல சமயம் முன்னறிவிப்பின்றி ஒடியும். உள்ளே நிற்கும் துண்டு துருப்பிடித்து விஷமாகாது. துண்டுக்குக் கீழே சுத்தமாகாத பகுதியில் கிருமி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில் உடைந்திருந்தாலோ, முன்பே வேர் நுனியில் நோய் இல்லாமல் இருந்தாலோ, அந்தப் பல் நன்றாகவே நிலைக்கலாம். இல்லையென்றால் துண்டை எடுப்பது, பக்கவாட்டில் தாண்டிப் போவது, சிறு அறுவை செய்வது என்று வழிகள் உண்டு. துண்டு உள்ளே இருப்பதை அவரிடம் அன்றைக்கே சொன்னார்களா, கேஸ் ஷீட்டில் எழுதினார்களா? சொல்லியிருக்க வேண்டும். அது டாக்டரின் கடமை.

ஒரே சிட்டிங்கா, மூன்றா?

இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடை போடும் காக்ரேன் தொகுப்பு அலசிப் பார்த்தது. எக்ஸ்-ரேயில் தெரியும் நீண்டகாலப் பலனில் ஒன்று மற்றதைவிட மேல் என்று காட்டச் சான்று கிடைக்கவில்லை. ஒரே சிட்டிங்கில் முடித்தவர்களில் முதல் வாரத்தில் வலி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உங்களைப் போலச் சீழ் வடியும் பல்லில், இரண்டு சிட்டிங்காகப் பிரித்து நடுவே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, கொப்புளம் வற்றுவதைப் பார்த்துவிட்டு அடைப்பதை நான் விரும்புவேன். இது என் பழக்கம், விதி இல்லை.

இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியவை

ரப்பர் டேம் கட்டுவீர்களா? இது 1864-லிருந்து இருக்கிற சாதனம், பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு. எச்சில் கிருமி உள்ளே போகாது, ஃபைல் தொண்டைக்குள் விழாது, பிளீச்சிங் நெடியுள்ள திரவம் வாய்க்குள் வராது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன்.

நீளத்தை எப்படி அளப்பீர்கள்? 'அபெக்ஸ் லொகேட்டர்' என்ற மின்கருவியும் எக்ஸ்-ரேயும் சேர்த்து என்று பதில் வந்தால் நிம்மதி. மேல் கடைவாய் வேர்களுக்குப் பக்கத்திலேயே சைனஸ் என்ற காற்றறை இருப்பதால், நுனியைத் தாண்டாமல் நிற்பது உங்கள் பல்லில் இன்னும் முக்கியம்.

எந்தத் திரவம், எவ்வளவு நேரம்? நான்காவது கெனாலைத் தேடுவீர்களா? ஒரு ஃபைலை எத்தனை பல்லுக்குப் பயன்படுத்துவீர்கள், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடுவீர்களா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும்.

பணமும் உரிமையும்

நீங்கள் எழுதிய 3,500-ம் 14,000-மும் ஒரே பொருளின் இரண்டு விலை இல்லை, ஒன்றில் கேப் சேர்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் கேப், எக்ஸ்-ரே, மேல் ஃபில்லிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். எக்ஸ்-ரே நகல் கேட்பதும், இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதும், ஆபத்துகளைச் சொல்லச் சொல்லிவிட்டு ஒப்புதல் தருவதும் உங்கள் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. பணம் நெருக்கடி என்றால் சென்னை, கடலூர் மாவட்டம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை யோசியுங்கள். அங்கே இதற்கென்றே தனித் துறை உண்டு, பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். சிட்டிங் கூடும், காத்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

பிடுங்கிவிடலாமா என்றால், எடுத்த பிறகு அந்த இடத்தை நிரப்ப, எலும்பில் பதிக்கும் இம்பிளான்டோ பக்கத்துப் பற்களில் மாட்டும் பிரிட்ஜோ வேண்டியிருக்கும். பிரிட்ஜுக்கு இருபக்கமும் நல்ல பற்களை ராவணும். இம்பிளான்டுக்கு மேல் தாடையில் சைனஸுக்குக் கீழே எலும்பு போதுமா என்று பார்க்கணும். இரண்டுமே உங்களிடம் சொன்ன தொகையைவிடப் பெரும்பாலும் கூடுதல். ஈறுக்கு மேலே கேப் பிடிக்கும் அளவு நல்ல பல் மிச்சம் இருந்தால், வேர் நெடுக்காகப் பிளந்திருக்காவிட்டால், காப்பாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

சிகிச்சைக்குப் பட்டினியாகப் போகாதீர்கள். காலையில் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். கடைசியாக எடுத்த எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) முடிவைக் காட்டுங்கள், சர்க்கரை கட்டுமீறியிருந்தால் எலும்பு ஆறுவது தாமதமாகும். முடிந்ததும் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், அது எதிர்பார்த்ததே. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பிப் போங்கள்.

வலி போனதும் கேப்பைத் தள்ளிப்போடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கேப் போடாமல் விட்ட பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சில வாரங்களுக்குள் போட்டுவிடுங்கள். வேர் நுனி நிழல் உடனே மறையாது. ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வருஷத்தில் ஒன்று என்று எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கணும், சில பற்களில் முழுசாக மறைய நான்கு வருஷம் வரைகூட ஆகும். சுருங்கிக்கொண்டே வந்தால் போதும். அதை ஒப்பிட இப்போது எடுத்த எக்ஸ்-ரேதான் வேண்டும், அதனால் அந்தப் படத்தைத் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.